உயிர் போகிறதென்று உடம்பு சொல்லும் பத்து நிமிடம்

இரவு பத்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். இருபத்தைந்து, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தபடி வீட்டார் ஓடிவருவார்கள். நெஞ்சைப் பிடித்திருப்பார். சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரல்கள் மரத்துப்போய், சிலருக்கு உள்பக்கமாக மடங்கியும் இருக்கும். “மூச்சு முட்டுது… செத்துருவேன்போல இருக்கு” என்பதற்கு மேல் பேச்சு வராது. இசிஜி எடுப்பார்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் நடக்கும். எல்லாம் சரியாகவே இருக்கும். முடிவு கைக்கு வருவதற்குள் வந்தவரின் படபடப்பும் பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். “ஹார்ட்ல ஒண்ணும் இல்ல, கேஸா இருக்கும். டென்ஷன் ஆகாதீங்க” என்று ஒரு வயிற்று மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவைப்பார்கள்.

அந்த மாத்திரைதான் காப்பாற்றியது என்று வீடு நம்பும். மாத்திரை கரைவதற்கு முன்பே எல்லாம் அடங்கிவிட்டதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது அடங்கியிருக்கும். பேனிக் அட்டாக் என்று மருத்துவம் சொல்கிற இந்தப் பெரும் பதற்றம், பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். பிறகு தானாக இறங்கத் தொடங்கும். இறங்கியதற்கான பெருமையை மாத்திரைக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, நெற்றியில் இட்ட விபூதிக்கோ, கையைப் பிடித்திருந்தவருக்கோ கொடுத்துவிடுகிறோம். அடிக்கடி இந்த அவதிக்கு ஆளாகிறவர்களின் வாழ்க்கை நாளுக்கு நாள் சுருங்குவதற்கு இந்தத் தவறான கணக்கு எவ்வளவு பெரிய காரணம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதல்முறை நெஞ்சு வலியும் மூச்சுத்திணறலும் வந்தபோது மருத்துவமனைக்கு ஓடியது முற்றிலும் சரி. அது மாரடைப்பா, பதற்றமா என்று வீட்டிலிருந்தபடி யாராலும் தீர்மானிக்க முடியாது. வயது நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்கள் 108ஐ அழைக்க ஒரு நொடிகூடத் தயங்கக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பும் நடுக்கமும் வரும். ரத்தசோகை, இதயத்துடிப்பின் தாளக் கோளாறு, ஆஸ்துமா, ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்குவது என்று இதே முகத்தோடு வரும் கோளாறுகள் பல. அளவுக்கு மீறிய காபியும் எனர்ஜி பானமும் பேனிக் அட்டாக்கைத் தூண்டும். பழக்கப்பட்ட குடியைத் திடீரென்று நிறுத்துவதும் தூண்டும். இவற்றையெல்லாம் ஒருமுறை முறையாகப் பார்த்து விலக்கிவிட வேண்டும். ஒருமுறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஐந்தாவது இசிஜி, மூன்றாவது எக்கோ, இரண்டாவது டிரெட்மில் என்று கோப்பு தடித்துக்கொண்டே போனால், அது பரிசோதனை என்ற நிலையைத் தாண்டி நோயின் ஒரு பகுதியாகவே மாறிவிட்டது என்று பொருள்.

உடம்புக்குள் நடப்பது

ஆபத்து வரும்போது தப்பி ஓடவோ எதிர்த்துச் சண்டையிடவோ உடம்பைத் தயார்ப்படுத்தும் ஏற்பாடு ஒன்று நமக்குள் உண்டு. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் இதைப் பற்றி விரிவாக எழுதியது 1915இல். அட்ரினலின் பாய்கிறது, கை கால்களின் பெரிய தசைகளுக்கு ரத்தம் போய்ச் சேர இதயம் வேகமெடுக்கிறது, சூடேறும் உடம்பைத் தணிக்க வியர்க்கிறது, ஓடும் நேரத்தில் செரிமானம் எதற்கு என்று வயிறு வேலையைக் குறைப்பதால் குமட்டுகிறது. பாம்பு துரத்தினால் இத்தனையும் தேவை. பேனிக் அட்டாக்கில் பாம்பு கிடையாது, ஏற்பாடு மட்டும் முழு வேகத்தில் இயங்கிவிடுகிறது. ஓட வேண்டிய உடம்பு பஸ் சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால், ஒவ்வொரு மாற்றமும் நோயின் அறிகுறியாகத் தெரிகிறது.

இதில் மூச்சின் பங்கு பெரியது. காற்றுப் போதவில்லை என்ற எண்ணத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கத் தொடங்குவோம். கொரோனா காலத்தில் வாங்கிவைத்த ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் அந்த நேரத்தில் விரலில் மாட்டிப் பாருங்கள்; 98, 99 என்றுதான் பெரும்பாலும் காட்டும். ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. குறைவது ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு. அது குறையும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சற்றே சுருங்கும். தலை சுற்றுவதும், சுற்றியிருப்பவை கனவில் பார்ப்பதுபோல் விலகித் தெரிவதும் அதனால்தான். ரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால் அதிலுள்ள கால்சியம் செயல்படும் விதமும் மாறுகிறது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவதுபோல் இருப்பது, விரல்கள் இழுத்துக்கொள்வது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். நெஞ்சுக்கூட்டின் தசைகள் ஓயாமல் வேலை செய்து இறுகிப்போவதும் நெஞ்சு வலியாகத் தெரியும். பக்கத்திலிருப்பவர் அன்போடு சொல்லும் “நல்லா மூச்சை இழுத்து விடு” என்ற அறிவுரை இந்த இடத்தில் நிலைமையை மோசமாக்கும். காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடும் பழைய வழக்கத்தையும் மருத்துவர்கள் இப்போது பரிந்துரைப்பதில்லை. உண்மையிலேயே ஆஸ்துமாவோ மாரடைப்போ இருந்தால் அது ஆபத்தாக முடியும்.

மயங்கி விழுந்துவிடுவோமோ என்பது பலரின் பெரிய பயம். மயங்குவதற்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பேனிக் அட்டாக்கில் அது ஏறுகிறது. ஆகவே மயக்கம் வருவது அபூர்வம். ரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்கி விழுகிறவர்களின் உடல்வாகு வேறு. பைத்தியம் பிடித்துவிடுமோ என்பது அடுத்த பயம். பேனிக் அட்டாக் முற்றி மனச்சிதைவு ஆவதில்லை. இந்த இரண்டு தகவல்களையும் கேட்டவுடன் முகம் தெளிகிறவர்கள் உண்டு. வருடக்கணக்கில் சிகிச்சைக்கு அலைந்தும் அதுவரை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“எதையாவது யோசிச்சுக்கிட்டே இருந்தா இப்படித்தான் வரும்” என்ற பழியும் இவர்கள்மீது விழுகிறது. ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருக்கும்போதே படபடப்போடு விழித்தெழுகிறவர்கள் இருக்கிறார்கள். கெட்ட கனவு கண்டும் எழுவதில்லை; கனவு அதிகம் வராத தூக்க நிலையிலேயே பெரும்பாலும் இது நேர்கிறது. தூங்குகிறவர் எதை யோசித்தார்?

முண்டியம்பாக்கம்வரை தைரியம்

ஓர் ஆசிரியையைக் கற்பனை செய்துகொள்வோம். விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் பள்ளி. தினமும் காலையில் சுமார் 40 கிலோமீட்டர் பஸ் பயணம். ஒருநாள் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நிற்கும்போது காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வேர்க்கிறது, காது அடைக்கிறது. இறங்கிவிடுகிறார். சாலையோரம் நின்று தண்ணீர் குடிக்கிறார். அடங்கிவிடுகிறது. இறங்கியதால் பிழைத்தோம் என்று அவர் மனம் குறித்துக்கொள்கிறது. தண்ணீர் குடித்ததால் என்றும் குறித்துக்கொள்கிறது.

அடுத்த வாரத்திலிருந்து தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவர் வாசற்படி தாண்டுவதில்லை. பஸ்ஸில் கதவோர இருக்கை கிடைத்தால்தான் ஏறுகிறார். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சாலையை ஒட்டியே இருப்பதால் அதுவரை மனம் நிதானமாக இருக்கிறது. அந்தக் கட்டடம் பின்னால் போனதும் கை தானாக மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறது. நாடி பார்க்கப் பார்க்கத் துடிப்பு கூடுகிறது. கூடிய துடிப்பு பயத்தைக் கூட்டுகிறது. மறுபடி அட்டாக். ஒரு மாதத்தில் கணவர் கூட வந்தால்தான் பள்ளிக்குப் போக முடியும் என்ற நிலை. பிறகு மருத்துவ விடுப்பு. ஒன்றுவிட்ட தங்கையின் கல்யாணத்தில் மண்டபத்தின் பின்வரிசையில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து, தாலி கட்டும் முன்பே எழுந்து வந்துவிடுகிறார். திருப்பதி வரிசையில் அடைபடுவதை நினைத்தாலே வியர்க்கிறது. லிஃப்ட், மேம்பாலம், முடிவெட்டும் நாற்காலி, பல் டாக்டரின் சாய்வு இருக்கை என்று எழுந்து ஓட முடியாத இடங்களின் பட்டியல் நீள்கிறது.

அட்டாக் வந்த பத்து நிமிடத்தைவிட, வரப்போகிறதோ என்று காத்திருக்கும் மற்ற நேரம்தான் அவரை உருக்குலைக்கிறது. வாழ்நாளில் ஓரிரு முறை பேனிக் அட்டாக் வந்து போகிறவர்கள் ஏராளம். தேர்வுக்கு முன், துக்க வீட்டில், தூக்கம் கெட்ட நாட்களில் வந்திருக்கும், அவர்கள் மறந்தும்போயிருப்பார்கள். திரும்பத் திரும்ப எதிர்பாராமல் வந்து, அடுத்தது எப்போது என்ற கவலையோ அதற்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தால்தான் மருத்துவம் அதை நோய் என்று கணக்கில் எடுக்கிறது. பேனிக் டிஸ்ஆர்டர் என்பது அதன் பெயர். ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்படுகிறது. பெரும்பாலும் இருபதுகளில் தொடங்குகிறது. நம் ஊரில் படிப்பு முடிந்து வேலை தேடும், வரன் பார்க்கும், முதல் பிள்ளை பிறக்கும் வயது அது. வெளியே சொல்ல முடியாத வயதும் அதுதான்.

செவிலியர்கள் கவனித்த மாற்றம்

இந்த நோய்க்குத் தனிப்பெயர் கிடைத்ததே அண்மையில்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற சிப்பாய்கள் பலர், காயம் எதுவும் இல்லாமலேயே நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், நெஞ்சு வலி என்று மருத்துவமனைக்கு வந்தார்கள். அப்படி வந்த சுமார் 300 பேரைப் பார்த்து, ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஜேக்கப் மெண்டஸ் டா கோஸ்டா 1871இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இதயம்தான் எரிச்சலுற்றிருக்கிறது என்று அவர் கருதினார். முதல் உலகப் போரிலும் இதே தொல்லை வேறு பெயர்களில் தொடர்ந்தது. இன்றும் பேனிக் அட்டாக் வருகிறவர்கள் முதலில் இதய மருத்துவரிடம்தான் போகிறார்கள் என்பதைப் பார்த்தால், டா கோஸ்டாவின் காலத்திலிருந்து பாதை பெரிதாக மாறிவிடவில்லை.

திருப்பம் 1960களையொட்டி நியூயார்க்கின் ஹில்சைட் மருத்துவமனையில் நேர்ந்தது. அங்கே சில நோயாளிகள் ஒரு நாளில் பலமுறை செவிலியர் மேசைக்கு ஓடிவந்து, செத்துக்கொண்டிருக்கிறோம் என்று கதறுவார்கள். கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னால் அடங்கித் திரும்பிப் போவார்கள். மனநல மருத்துவர் டொனால்ட் க்ளைன் அவர்களுக்கு இமிப்ரமின் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்கள் கழித்தும், தங்களுக்கு ஒரு முன்னேற்றமும் இல்லை என்றே நோயாளிகள் சொன்னார்கள். மாற்றத்தைக் கண்டுபிடித்தவர்கள் செவிலியர்கள். அந்த நோயாளிகள் தங்கள் மேசைக்கு ஓடிவருவதை நிறுத்திவிட்டார்கள் என்பதை அவர்கள்தான் சொன்னார்கள். அட்டாக் நின்றிருந்தது, அட்டாக் வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் நிற்கவில்லை. அதனால்தான் நோயாளிகளால் முன்னேற்றத்தை உணர முடியவில்லை. அட்டாக்கும் அதைப் பற்றிய பயமும் வெவ்வேறு, இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும் என்ற புரிதல் அந்த வார்டிலிருந்து வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு 1980இல் பேனிக் டிஸ்ஆர்டரைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது.

இன்னொரு ஆய்வு என்னை வெகுவாகப் பாதித்தது. அபூர்வ நோயால் மூளையின் இரு பக்க அமிக்டலாவும் சிதைந்துபோன ஒரு பெண்ணைப் பற்றியது. பயத்துக்கு முக்கியமான பகுதி அது. பாம்பைக் கையில் பிடித்தாலும் அந்தப் பெண்ணுக்குப் பயம் வராது. கத்தியைக் காட்டி மிரட்டப்பட்டபோதும் வரவில்லை. 2013இல் வெளியான அந்த ஆய்வில் 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு முறை சுவாசிக்கச் செய்தார்கள். அவர் அலறித் துடித்து முகமூடியைப் பிடுங்க முயன்றார். அது பேனிக் அட்டாக். பயமே அறியாதவர் என்று பேரெடுத்தவருக்கும், மூச்சு அடைபடுகிறது என்ற உள்செய்தி போதும். கோழை, பூஞ்சை மனசு என்று நாம் இவர்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் எவ்வளவு அநியாயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஓடாமல் நிற்கப் பழகுவது

ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் இளம்வயதில் காசநோய் என்று தவறாகக் கணிக்கப்பட்டுச் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டவர். வெளியே வந்தபிறகும் இதயப் படபடப்பு விடவில்லை. போர்முனையில் இருந்து திரும்பிய நண்பர் ஒருவர், பதுங்குகுழியில் தங்களுக்கும் இப்படித்தான் அடித்துக்கொள்ளும், பயத்தால் வருவது அது என்று சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பேச்சு அவருடைய வாழ்க்கையை மாற்றியது. 1962இல் அவர் எழுதிய புத்தகத்தின் சாரம் இதுதான்: உடம்பில் தானாக எழும் முதல் பயம் ஒன்று, ‘ஐயோ, வந்துவிட்டதே’ என்று நாம் அதன்மேல் ஏற்றிவைக்கும் இரண்டாவது பயம் இன்னொன்று. முதலாவதை நிறுத்த நம்மால் ஆகாது. இரண்டாவதை ஏற்றாமல் இருக்கப் பழகலாம். எதிர்த்து இறுகாமல், அதன்மேல் மிதக்கச் சொன்னார். திருச்செந்தூரில் கடலாடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்; விறைத்து நின்றால் அலை அடித்துத் தள்ளும், அதோடு சேர்ந்து எழும்பினால் காலுக்கடியில் போய்விடும்.

1986இல் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் இதற்கு அறிவியல் வடிவம் கொடுத்தார். உடம்பில் எழும் சாதாரண உணர்ச்சியைப் பேரழிவின் அறிகுறியாகப் படித்துக்கொள்வதே அட்டாக்கைச் சுழல வைக்கிறது என்றார். மாடி ஏறும்போது நெஞ்சு அடித்தால் ‘மாடி ஏறினேன்’ என்கிறோம். உட்கார்ந்திருக்கும்போது அடித்தால் ‘மாரடைப்பு’ என்கிறோம். அந்த வாசிப்பை மாற்றுவதுதான் சிபிடி (காக்னிடிவ் பிஹேவியர் தெரபி) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிகிச்சையின் வேலை. அமெரிக்க உளவியலாளர் டேவிட் பார்லோவும் அவர் குழுவினரும் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். நோயாளி பயப்படும் அதே உணர்ச்சிகளைச் சிகிச்சை அறையிலேயே வேண்டுமென்றே வரவழைப்பது அந்த முறை.

கேட்கவே விசித்திரமாக இருக்கும். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடச் சொல்வார்கள், நெஞ்சு அடிக்கும். சுழல்நாற்காலியில் சுற்றவிடுவார்கள், தலை சுற்றும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சுவிடச் சொல்வார்கள், மூச்சு முட்டும். எது அட்டாக்கைப் போலவே இருக்கிறதோ அதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். பத்தாவது முறை தலை சுற்றும்போது அது வெறும் தலைசுற்றலாக மட்டும் இருக்கும். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றில் இறங்கக் கூடாது. மற்றவர்களும் முதலில் பயிற்சி பெற்றவரின் துணையோடு தொடங்குவதே நல்லது.

அறைக்குள் பழகியது அடுத்து சாலைக்கு வர வேண்டும். நம் ஆசிரியைக்கு முதல் வாரம் முண்டியம்பாக்கம்வரை, கணவர் இல்லாமல். அடுத்து விக்கிரவாண்டி. அதன்பின் கூட்டேரிப்பட்டு. ஒவ்வொரு முறையும் பயம் தணியும்வரை பஸ்ஸைவிட்டு இறங்கக் கூடாது என்பது முக்கியமான நிபந்தனை. உச்சத்தில் இறங்கிவிட்டால், இறங்கியதால் பிழைத்தோம் என்ற பழைய கணக்கு மறுபடி உறுதியாகிவிடும். கதவோரம் உட்கார்ந்து பழகிய பிறகு கதவிலிருந்து விலகி நடு இருக்கைக்கு வர வேண்டும். கடைசியில் தண்ணீர் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு ஏற வேண்டும். அந்தக் கடைசிக் கட்டம்தான் மிகவும் கடினம். பாட்டிலில் இருப்பது தண்ணீர்தான் என்று தெரிந்தும் கை நடுங்கும். நடுங்கட்டும். திண்டிவனத்தில் இறங்கும்போது உடம்பு தானாகவே அடங்கியதை முதல்முறையாக நேரில் பார்த்த சாட்சி அவர்தான்.

அட்டாக் நடுவில் என்ன செய்வது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இருக்கும் இடத்திலேயே இருங்கள். வண்டி ஓட்டினால் மட்டும் ஓரங்கட்டி நிறுத்துங்கள். இது பேனிக் அட்டாக், முன்பும் வந்திருக்கிறது, போயிருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளலாம். நாடி பார்க்க வேண்டாம். மூச்சை ஆழமாக இழுக்காமல், மூக்கு வழியாக மெதுவாக உள்ளே விட்டு, அதைவிட நிதானமாக வெளியே விடுங்கள். பிறகு செய்துகொண்டிருந்த வேலைக்கே திரும்புங்கள். காய் நறுக்கிக்கொண்டிருந்தால் மீதிக் காயை நறுக்குங்கள். இந்த மூச்சுப் பயிற்சியிலும் ஒரு கண்ணி உண்டு. ‘மூச்சை எண்ணியதால்தான் பிழைத்தேன்’ என்று அதுவும் ஒரு தண்ணீர் பாட்டிலாக மாறிவிடலாம். மூச்சு வசதிக்காக, உயிர்காக்க அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மாத்திரை பற்றி

சிபிடி கிடைக்காத ஊர்களே நம் மாநிலத்தில் அதிகம். பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். ஆகவே பலருக்கும் முதலில் கிடைப்பது மாத்திரைதான். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. செர்ட்ராலின், எசிடலோப்ராம் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் இந்த நோய்க்கு நன்றாக வேலை செய்கின்றன. அவை அடிமைப்படுத்தும் போதை மருந்துகள் கிடையாது. வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். முதல் ஓரிரு வாரங்களில் பதற்றம் சற்றுக் கூடவும் செய்யலாம். அதனால்தான் மருத்துவர்கள் மிகக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நான்காம் நாளே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு, எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். குணம் தெரிந்தபின்னும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். நிறுத்தும்போது மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அல்ப்ரஸோலம் போன்ற உடனடி அமைதி மாத்திரைகளின் கதை வேறு. சீட்டில்லாமல் விற்கக் கூடாத இதை, பக்கத்து வீட்டுக்காரரின் மிச்சத்திலிருந்து வாங்கி பர்ஸில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. விழுங்கிய பின் அது வேலையைத் தொடங்கவே ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அட்டாக் தன் பாட்டுக்கு இறங்கியிருக்கும். பெருமை மாத்திரைக்குப் போகும். சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்டுள்ள சிகிச்சை வழிகாட்டுதல், பேனிக் டிஸ்ஆர்டருக்கு இந்த வகை மருந்துகளைத் தரக் கூடாது என்றே சொல்கிறது. நம் ஊரில் ஆரம்ப நாட்களில் குறுகிய காலத்துக்கு மருத்துவர்கள் எழுதுவதுண்டு. அப்படி எழுதினால் எத்தனை நாளைக்கு என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

பார்லோ குழுவினர் 312 பேரை வைத்து நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில் மருந்து, சிபிடி இரண்டுமே பயன் தந்தன. சிகிச்சையை நிறுத்திய பிறகு சிபிடி பெற்றவர்களிடம் அந்தப் பயன் அதிகமாக நிலைத்தது. அடங்குவது தன் உடம்பின் வேலை என்பதை அவர்கள் கற்றிருந்தார்கள் என்றுதான் அந்த முடிவை நான் புரிந்துகொள்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

2006 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் தொடக்க ஆட்டக்காரர் மார்கஸ் டிரெஸ்கோதிக், வதோதராவில் நடந்த பயிற்சி ஆட்டத்தோடு நாடு திரும்பினார். தனிப்பட்ட காரணம் என்றே அப்போது சொல்லப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பாதியில் திரும்பினார். 2008இல் துபாய் போகவேண்டிய நாளில் ஹீத்ரோ விமான நிலையத்தில் அவரால் விமானம் ஏற முடியவில்லை; சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வை அறிவித்தார். மன அழுத்த நோயும் கடும் பதற்றமும் தன்னை எப்படி உலுக்கின என்று அந்த ஆண்டே புத்தகமாக எழுதினார். உலகின் வேகப்பந்து வீச்சாளர்களை முதல் ஓவரிலேயே எதிர்கொண்டவர் அவர். அந்த நோயோடு சோமர்செட் அணிக்காக 2019வரை ஆடினார்; பிறகு இங்கிலாந்தின் பேட்டிங் பயிற்சியாளரும் ஆனார். மகனோ மருமகளோ இப்படித் துடிக்கும்போது “மனசைத் திடமா வெச்சுக்க” என்று சொல்கிறவர்கள் டிரெஸ்கோதிக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் இன்னும் கடினமான பேச்சுகள் உண்டு. “நாங்க பார்க்காத கஷ்டமா?” “வேலைக்குப் போகச் சோம்பல்.” “காத்து கருப்பு அண்டியிருக்கும், மந்திரிச்சுக் கூட்டிட்டு வாங்க.” கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நான் தடுக்கச் சொல்ல மாட்டேன். அங்கே கிடைக்கும் ஆறுதல் பலருக்கு உண்மையானது. ஆனால் நள்ளிரவில் வேப்பிலை அடித்து, அழுகிற பெண்ணை “யார் நீ, சொல்” என்று மிரட்டுவது ஏற்கெனவே பயத்தில் வெந்துகொண்டிருக்கும் உடம்பின்மேல் செய்யும் கொடுமை. சிகிச்சையும் அதனால் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது.

அன்பு மிகுந்த வீட்டார் செய்யும் தவறு நேரெதிரானது. கூடவே போவது, கடைக்கு அனுப்பாமல் இருப்பது, வாரம் ஒருமுறை பிபி பார்ப்பது. நோயாளிக்கு அப்போதைக்கு நிம்மதி; உலகமோ ஒரு அங்குலம் சுருங்கும். அட்டாக் வரும்போது பக்கத்தில் நிதானமாக உட்காருங்கள். “இது போயிடும், நான் இங்கதான் இருக்கேன்” என்பதற்கு மேல் பேச்சு தேவையில்லை. விசிறுவது, தண்ணீர் தெளிப்பது, ஆட்டோ பிடிக்க ஓடுவது எல்லாம் ஆபத்து உண்மைதான் என்று அந்த உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும். அடங்கிய பிறகு, விட்ட வேலையைத் தொடர அவரை ஊக்கப்படுத்துங்கள். சிகிச்சை தொடங்கியிருந்தால், கூடப் போவதை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று மருத்துவரோடு சேர்ந்தே திட்டமிடுங்கள்.

ஒன்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் இந்த அவதியில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு சேர்ந்துகொள்வது அதிகம். சிலர் அட்டாக்கைத் தடுக்கக் குடிக்கத் தொடங்குகிறார்கள். இப்படியே வாழ்வதற்குச் செத்துப்போகலாம் என்று ஒருவர் சொன்னால், விளையாட்டாகச் சொன்னதாகத் தோன்றினாலும், அன்றே உதவி தேட வேண்டும்.

எங்கே போவது?

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பதற்றமும் மனச்சோர்வும் போன்ற பரவலான பாதிப்பு உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். இவர்களில் பலர் மருத்துவமனைக்கே வராதவர்கள் அல்ல. இசிஜி அறைவரை வந்து திரும்பியவர்களும் அதில் இருப்பார்கள் என்பது என் எண்ணம். அவசர சிகிச்சைப் பிரிவில் தரும் சீட்டின் அடியில் ‘பேனிக் அட்டாக்காக இருக்கலாம், மனநல ஓபியில் பார்க்கவும்’ என்று ஒரு வரி எழுதினால் எத்தனையோ பேருக்கு வருடங்கள் மிச்சமாகும். அதற்கு மருந்துச் செலவுகூட இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்ட அளவிலான மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள். மாத்திரை இலவசம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநல சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்குச் சமமாக மனநோயையும் நடத்த வேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான்.

குணமானவர்களுக்கும் ஒரு வார்த்தை. நன்றாக இருந்த ஒரு வருடத்துக்குப் பிறகு, தூக்கம் கெட்ட ஒரு வாரத்தில், மறுபடி ஒரு அட்டாக் வரலாம். கற்றதெல்லாம் வீணாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பஸ்ஸைத் தவிர்க்காமல் மறுநாளும் ஏறினால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

ஓபிக்குப் போகும் முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசி சில அட்டாக்குகள் எங்கே வந்தன, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை நிமிடம் நீடித்தது, அப்போது எதை நினைத்துப் பயந்தீர்கள், அதற்குப் பிறகு எந்த இடங்களுக்குப் போவதை நிறுத்தினீர்கள். பழைய இசிஜி, தைராய்டு முடிவுகளையும் எடுத்துச் செல்லுங்கள்; மறுபடி எடுக்கும் செலவு மிச்சம். ஓபி அறையில் கூட்டம் இருக்கும், மருத்துவருக்கு நேரம் குறைவாக இருக்கும். இருந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள். எனக்கு இருப்பது பேனிக் டிஸ்ஆர்டரா? இந்த மாத்திரையை எத்தனை மாதம் சாப்பிட வேண்டும்? சிபிடி தருகிறவர் இங்கே இருக்கிறாரா, இல்லையென்றால் பக்கத்தில் எங்கே இருக்கிறார்?